ஒரு சாரியும் ஒரு கை புளியும்

மே மாதம் ஒன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை, பகல் பதினொன்று இருபது. ஜன்னல் கம்பியைத் தொட்டால் கை சுடுகிற வேலூர் வெயில். காற்று இல்லை. அரைமணி நேரமாகக் கரண்டும் இல்லை. அந்த நேரத்தில்தான் என் பேத்தி என் மூக்குக் கண்ணாடியை மிதித்தாள்.

“சாரி தாத்தா,” என்றாள். கையிலிருந்த போனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அப்படியே நடந்து அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

அன்று காலையிலிருந்து எனக்குக் கிடைத்த ஐந்தாவது சாரி அது. பால் பாக்கெட்டைத் தாமதமாகப் போட்ட பையன் ஒன்று கொடுத்தான். என் காலில் வண்டியை ஏற்றப் பார்த்த ஆட்டோக்காரர் ஒன்று. பாங்கில் “சிஸ்டம் டவுன்” என்ற பெண் ஒன்று. பென்ஷன் விஷயமாக நான் கூப்பிட்ட எண்ணில் பேசிய இயந்திரம்கூட ஒன்று கொடுத்தது. மனிதராவது பரவாயில்லை, இயந்திரம் எதற்கு வருத்தப்படுகிறது? என் வயதுக்காரர்களே, நீங்களும் ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். நம் சின்ன வயதில் ஒரு வருஷத்துக்குக் கேட்காததை இப்போது மதியத்துக்குள் கேட்டுவிடுகிறோம்.

உடைந்த கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு நான் கோபமாகவே உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பேத்தி திரும்பி வந்தாள். ஒரு கையில் மாம்பழம், ஒரு கையில் கத்தி.

“தாத்தா, அம்மா அறுத்தா கொட்டையோட சதை ஜாஸ்தி போய்டுது. நீ அறுத்துக் குடேன்.”

அறுத்துக் கொடுத்தேன். இரண்டாவது துண்டு அறுக்கும்போது எனக்குக் கோபம் இல்லை என்பதைக் கவனித்தேன். எங்கே போனது என்று தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை. இதே போல ஒரு கோபம் போயிருக்க வேண்டிய இடத்தில் போகாமல் நின்றுவிட்ட ஒரு கோடைக்காலம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அப்போது நாங்கள் ஆம்பூரில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது. அப்பா தோல் பதனிடுகிற ஒரு டேனரியில் கடிதம் எழுதுகிற குமாஸ்தா. ரைட்டர் என்று கூப்பிடுவார்கள். வெளிநாட்டுக்காரர்களுக்குப் போகிற ஆங்கிலம் முழுவதும் அவர் விரலிலிருந்துதான் போக வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரும் அதே டேனரியில் வேலை செய்தார். பதனிட்ட தோல்களை மேஜையில் விரித்து, ஒன்றாம் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என்று பிரிக்கிற மேஸ்திரி. அவருடைய மகன் என் வகுப்பு. அவன் என்னைத் தோஸ்த் என்பான், நானும் அவனைத் தோஸ்த் என்பேன். அவன் அப்பாவை நான் சாச்சா என்று கூப்பிட்டேன், அவன் அம்மாவைச் சாச்சி என்று. யாரும் சொல்லிக்கொடுத்து அல்ல, அவன் தன் சித்தப்பா வீட்டில் கூப்பிடுவதைக் கேட்டுப் பழகியது.

இரண்டு வீட்டுக் கொல்லைக்கும் நடுவில் ஒரு சுவர். அப்பாவின் மார்பு உயரம் இருக்கும். சுவரின் மேல்பக்கம் சாந்து போய், வழவழவென்று இருக்கும். அந்த வழவழப்பு மழையால் வந்ததல்ல. தட்டும் கிண்ணமும் டம்ளரும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்ப் போய் வந்தது.

அந்தக் கோடை விடுமுறையில் அப்பாவுக்கு ஒரு யோசனை தோன்றியது. எங்கள் இருவருக்கும் ஐந்து ஆங்கில வார்த்தைகள் கற்றுத் தர வேண்டும். ப்ளீஸ், தேங்க்யூ, சாரி, எக்ஸ்க்யூஸ் மீ, வெல்கம். பொருள் அல்ல, உபயோகம். எப்போது, யாரிடம், எந்தக் குரலில்.

“இந்த அஞ்சும் வாயில இருந்தா போதும். லண்டன் வரைக்கும் போய்ட்டு வர்லாம்,” என்பார். அவர் மெட்ராஸைத் தாண்டிப் போனதில்லை.

சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் சுவரோரம் பாடம் நடக்கும். காற்றில் ஆவாரம்பட்டை வாசனையும் அதற்கடியில் பச்சைத் தோல் ஊறுகிற சுண்ணாம்புத் தொட்டியின் வாடையும் வரும். வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்துவார்கள். எங்களுக்கு அது காற்றின் வாசனை, அவ்வளவுதான். சுவருக்கு அந்தப் பக்கம் சாச்சா கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து பாக்கு மென்றபடி கேட்டுக்கொண்டிருப்பார்.

கற்றதை வீட்டில் உபயோகிக்க வேண்டும் என்பது அப்பாவின் கட்டளை. நான் சமையலறைக்குப் போய், “அம்மா, தண்ணி ப்ளீஸ்,” என்றேன்.

“இன்னாடா, கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்கிற மாதிரி கேக்கற? சொம்பு அங்கதான இருக்கு, எட்துக் குடி.”

தோசை போட்டபோது தேங்க்யூ என்றேன். அம்மா தோசைத் திருப்பியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“கணக்கு முடிச்சிட்டியா? அடுத்த தோச வேணாமா?”

தோஸ்த் இன்னும் தீவிரமாக இருந்தான். தெருவில் பட்டை ஏற்றி வந்த மாட்டு வண்டி வழியை அடைத்துக்கொண்டு நின்றபோது, மாட்டின் முகத்துக்கு நேராக நின்று “எக்ஸ்க்யூஸ் மீ” என்றான். வண்டிக்காரர் சாட்டையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். “வாயில்லா ஜீவன இன்னாடா திட்ற?” என்று எங்களைத் தெருமுனை வரை துரத்தினார்.

ஒரு நாள் சாச்சா சுவரின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு கேட்டார்:

“ரைட்டர், எனக்கும் ஒண்ணு குடு. பசங்களுக்கு மட்டும்தானா?”

அப்பா யோசித்து அவருக்கு வெல்கமைக் கொடுத்தார். சாச்சா அதைப் பாக்கோடு சேர்த்து இரண்டு நாள் மென்றார். மூன்றாம் நாள் அவர் வாயில் அது ஒழுங்காக வந்தது.

இங்கே இன்னொரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது. எங்கள் தெருவில் யாரும் யாரிடமும் வாயால் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. சண்டைக்குக் குறைவில்லை. தப்புச் செய்தவர், இரண்டு நாளோ நான்கு நாளோ கழித்து, எதிர் வீட்டுக்குப் போய் எதையாவது கேட்பார். கொடுக்க மாட்டார், கேட்பார். கொஞ்சம் புளி, ஒரு ஆழாக்கு உப்பு, அரைக் கரண்டி எண்ணெய். வீட்டில் அது இருக்கும், இல்லாமல் கேட்பது அல்ல. கேட்டவுடன் மற்றவர் எடுத்துக் கொடுத்துவிடுவார். அதோடு சண்டை முடிந்தது. ஏன் சண்டை, யார் தப்பு என்ற பேச்சே வராது.

சாச்சியின் ஆடு சுவரேறி வந்து, அம்மா காயப்போட்டிருந்த வடாம் முழுவதையும் தின்ற வருஷம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அம்மா போட்ட சத்தத்தில் காக்கைகூடப் பறந்துவிட்டது. சாச்சியும் சும்மா இல்லை, “உங்க வடாத்துல காரம் ஜாஸ்தி, என் ஆட்டுக்கு வயிறு போவுது,” என்று பதில் சத்தம் போட்டார். நாலு நாள் பேச்சில்லை. ஐந்தாம் நாள் சுவருக்கு மேல் சாச்சியின் வளையல் கை மட்டும் தெரிந்தது. கையில் ஒரு கிண்ணம்.

“கொஞ்சம் புளி இருக்குமா?”

அம்மா உருட்டிக் கொடுத்தாள். வழக்கத்தைவிடப் பெரிய உருண்டை. “போதுமா ஆப்பா?” என்றாள். அக்கா என்பதற்கு அவர்கள் வீட்டுச் சொல் அது, அம்மா சந்தோஷமாக இருக்கும்போது மட்டும் அப்படிக் கூப்பிடுவாள்.

விடுமுறை பாதி கழிந்திருந்தபோது, வெளிநாட்டிலிருந்து ஒரு வியாபாரி தோல் பார்க்க வருகிறார் என்று செய்தி வந்தது. எங்களையும் டேனரிக்குக் கூட்டிப்போக அப்பா முதலாளியிடம் அனுமதி வாங்கினார். உண்மையான ஆங்கிலம் உண்மையான வாயிலிருந்து வருவதை நாங்கள் கேட்க வேண்டுமாம்.

வாசலில் நின்று வரவேற்கிற வேலையை எங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். கார் வந்து நின்றது. வெள்ளைக்காரர் இறங்கினார். அவ்வளவு உயரமான மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கழுத்தெல்லாம் வேர்க்குரு. நானும் தோஸ்த்தும் சேர்ந்து “வெல்கம் சார்” என்றோம். எங்களுக்குப் பின்னாலிருந்து, எங்களைவிடத் தெளிவாக, இன்னொரு வெல்கம் வந்தது. சாச்சா. சலவைச் சட்டை போட்டிருந்தார். வெள்ளைக்காரர் அவருக்கும் கை கொடுத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னத் தகர டப்பாவை எடுத்து எங்களிடம் நீட்டினார். பெப்பர்மிண்ட். நாங்கள் தேங்க்யூ சொன்னோம். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அவர் முகம் அப்படி மலர்ந்து நான் அதிகம் பார்த்ததில்லை.

உள்ளே மேஜையைச் சுற்றி எல்லாரும் நின்றார்கள். முதலாளி, அப்பா, சாச்சா, இரண்டு ஆட்கள். வெள்ளைக்காரர் ஒன்றாம் தர அடுக்கிலிருந்து ஒரு தோலை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு இடத்தில் கட்டைவிரலை வைத்து ஏதோ ஆரம்பித்தார். கோபமான குரல் இல்லை. ஏதோ கேட்கிற குரல் போலத்தான் எனக்கு இருந்தது. என்ன கேட்க வந்தார் என்று எனக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. ஏனென்றால் அவர் முடிப்பதற்குள் அப்பா சொல்லிவிட்டார்:

“சாரி சார். வெரி சாரி சார்.”

அப்பாவின் ஆபீஸ் வழக்கம் அது. வெளிநாட்டுக்கு எந்தக் கடிதம் போனாலும் முதல் வரியில் ஒரு வருத்தம் இருக்கும். கோயிலுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றுகிற மாதிரி. கழற்றுகிறவன் தப்புச் செய்தவன் என்று யாரும் நினைப்பதில்லை. ஆனால் அன்று அவர் கழற்றியது சாச்சாவின் செருப்பை.

முதலாளிக்கு ஆங்கிலம் தெரியாது, அந்த ஒரு வார்த்தை தெரியும். சாச்சாவைத் திரும்பிப் பார்த்தார். வெள்ளைக்காரரும் தோலை மறுபடி பார்த்தார், இப்போது வேறு மாதிரி. அடுக்குகளை எல்லாம் பிரிக்கச் சொன்னார்கள். மதியம் முழுவதும் பிரித்தார்கள். ஒன்றாம் தரத்திலிருந்து நிறையத் தோல்கள் இரண்டாம் தரத்துக்குப் போயின, விலை இறங்கியது. சாச்சா கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார். நாங்கள் டப்பாவில் இருந்த பெப்பர்மிண்டைத் தின்றுகொண்டிருந்தோம். நாக்கு ஜில்லென்று இருந்தது.

மறுநாள் சாச்சாவை மேஜையிலிருந்து எடுத்துச் சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம் போட்டார்கள். “ரைட்டரே மன்னிப்பு கேட்டாரே, அப்ப தப்பு இருக்குன்னுதான அர்த்தம்?” என்றாராம் முதலாளி. சம்பளம் கம்மி. சலவைச் சட்டை தேவையில்லை.

அன்று சாயங்காலம் அம்மா அப்பாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

“மொதலாளிகிட்ட போய் ஒரு வார்த்த சொல்லுங்களேன். அந்த வெள்ளக்காரன் ஒண்ணும் சொல்லல, நான்தான் அவசரப்பட்டுப் பேசிட்டேன்னு.”

“சொன்னா? நாளைலேர்ந்து நான் பேசற ஒவ்வொரு இங்கிலீஷும் சரியான்னு யோசிப்பாரு. அப்புறம் எனக்கு இன்னா வேல அங்க?”

அன்றைக்கு அது எனக்குக் கோழைத்தனமாகப் பட்டது. இப்போது அப்படிப் படவில்லை. அவரிடம் இருந்த சொத்து அந்தப் பாஷை ஒன்றுதான். அதில் ஒரு கீறல் விழுந்தது என்று தானே போய்க் காட்ட அவருக்குத் தைரியம் வரவில்லை. ஆனால் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. எழுந்து சுவரோரம் போனார். அந்தப் பக்கம் சாச்சா வாளியில் கை கழுவிக்கொண்டிருந்தார். ஒரே நாளில் விரல் நுனியெல்லாம் வெளுத்திருந்தது.

“பாய்... சாரி பாய்,” என்றார் அப்பா. எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த அதே குரலில், அதே மாதிரி தலையைக் கொஞ்சம் சாய்த்து.

சாச்சா கையை உதறினார்.

“அத்த வெள்ளக்காரனுக்கு குட்த்துட்டியே ரைட்டர். மிச்சம் இருக்கறத எனக்குத் தர்றியா?”

உள்ளே போய்விட்டார்.

நாலு நாள் ஆயிற்று. ஐந்தாம் நாள் அம்மா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் நடந்தாள். அப்பா நாற்காலியில் இருந்தபடியே கேட்டார்:

“எங்க?”

“புளி கேக்க.”

“நான்தான் சாரி சொல்லிட்டேனே. அதுக்கு மேல நாம எதுக்குப் போய் பிச்ச கேக்கணும்?”

“ஊர்ல எல்லாரும் செய்றதுதான.”

“படிச்சவன் வாயால சொல்வான். சொல்லியாச்சு.”

மறுநாள் சந்தையிலிருந்து ஒரு மூட்டைப் புளி வந்து இறங்கியது. அப்பா வாங்கி வந்திருந்தார். இனிமேல் இந்த வீட்டில் புளி இல்லை என்ற பேச்சுக்கே இடமில்லை என்றார். தெருவே பார்த்தது. அம்மா அதைக் கொட்டை எடுத்து, உப்புப் போட்டு, பெரிய ஜாடியில் அடைத்தாள். கொட்டை எடுத்த விரல்கள் ஒரு வாரம் கறுப்பாக இருந்தன.

சாச்சா என்ன செய்தார் தெரியுமா? தினமும் சாயங்காலம் பழைய நேரத்துக்கு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தார். இருமினார். பாக்கு வெட்டினார். ஒரு நாள் வீட்டுக்குள் பார்த்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி சத்தம் போட்டார்:

“ஏ, நம்ம வூட்ல புளி கீதா? யாராவது வந்து கேட்டா இல்லேன்னு சொல்லக்கூடாது, பாரு!”

அப்பா செய்தித்தாளைப் பிரித்துப் பிடித்திருந்தார். பக்கத்தைத் திருப்பினார். இருட்டும் வரை அதே பக்கத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

அந்தப் பெப்பர்மிண்ட் டப்பாவை நானும் தோஸ்த்தும் ஒரு நாள் அவன் வீடு, ஒரு நாள் என் வீடு என்று வைத்துக்கொண்டிருந்தோம். காலியான பிறகும் மூடியைத் திறந்தால் ஜில்லென்று வாசனை வரும். வீட்டுக்கு வீடு பேச்சு நின்றபோது அவனும் வருவதை நிறுத்தினான். டப்பா என் வீட்டில் தங்கிவிட்டது. அடுத்த வருஷம் அப்பாவுக்கு வேலூரில் வேலை கிடைத்து நாங்கள் கிளம்பினோம். வண்டியில் புளி ஜாடி ஏறியது, டப்பா எங்கே போனதென்று தெரியவில்லை. தோஸ்த் அவன் வீட்டு வாசலில் நின்றான். கை ஆட்டவில்லை. நானும் ஆட்டவில்லை.

அப்பா போய் வெகுகாலம் ஆகிறது. சாச்சாவும் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். தோஸ்த் மட்டும் அதே தெருவில், அதே வீட்டில் இருக்கிறான் என்பது எனக்குத் தெரியும். பெங்களூர் ரயிலில் ஆம்பூரைத் தாண்டும்போதெல்லாம் அந்தப் பக்க ஜன்னலில் உட்கார்ந்து போயிருக்கிறேன். இறங்கியதில்லை.

மாம்பழக் கொட்டையைப் பேத்தியிடம் கொடுத்துவிட்டுச் சட்டையை மாட்டினேன். கண்ணாடி இல்லாததால் பொத்தானை மாற்றிப் போட்டேன்.

“இந்த வெயில்ல எங்க கெளம்பிட்டீங்க?” என்றாள் என் மனைவி.

“ஆம்பூருக்கு.”

“இன்னா வேல?”

“கொஞ்சம் புளி கேக்கணும்.”

“வீட்ல ரெண்டு கிலோ கீது!”

“இருக்கட்டும்.”

அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை என்று தெரிந்ததும், “வெறுங்கையோடவா போவீங்க? ஒரு கிலோ ஸ்வீட்டாவது வாங்கிட்டுப் போங்க,” என்றாள். வேண்டாம் என்றேன். ஸ்வீட் கொண்டுபோனால் நான் கொடுக்கப் போனவனாகிவிடுவேன். கிண்ணம் ஒன்றை மட்டும் பையில் போட்டுக்கொண்டேன்.

பஸ்ஸில் இடம் கிடைத்தது, வெயில் பக்கம். பள்ளிகொண்டா தாண்டியதும் இறங்கித் திரும்பிவிடலாமா என்று இருந்தது. நீ யார் என்று அவன் கேட்டால் என்ன சொல்வது? சொல்லிப் புரியவைக்க வேண்டி வந்தால் அதுவும் ஒரு சாரிதானே?

ஆம்பூரில் ஆட்டோக்காரர் தெருமுனையில் இறக்கிவிட்டார். நாங்கள் இருந்த வீடு இல்லை. அந்த இடத்தில் தகரக் கூரை போட்டு வண்டிகள் நிறுத்தியிருந்தார்கள். சுவரும் இல்லை. அவன் வீடு நிறம் மாறி நின்றது. கதவைத் தட்டினேன். வெள்ளைத் தாடியோடு ஒரு கிழவன் திறந்தான். பனியனும் கைலியும். என்னை மேலிருந்து கீழே பார்த்தான், மாற்றிப் போட்ட பொத்தானில் ஒரு நிமிஷம் நின்றான்.

“யார் வேணும்?”

பையிலிருந்து கிண்ணத்தை எடுத்து நீட்டினேன்.

“கொஞ்சம் புளி இருக்குமா?”

அவன் கிண்ணத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். தாடிக்குள் வாய் ஏதோ செய்தது. கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே திரும்பி, கரகரத்த குரலில் கூப்பிட்டான்:

“ஏம்மா, அந்தப் புளி டப்பா எட்து வா. பக்கத்து வூட்லேர்ந்து வந்துக்கிறாங்க.”

மருமகள் டப்பாவைக் கொண்டுவந்தாள். பக்கத்து வீடு எங்கே இருக்கிறது என்று எட்டி வெளியே பார்த்தாள், தகரக் கூரை தெரிந்தது. அவன் டப்பாவை வாங்கித் தன் கையாலேயே புளியை உருட்டினான். பெரிய உருண்டை. கிண்ணத்தில் வைத்து அழுத்தினான்.

“இன்னா தோஸ்த், உங்கப்பாரு ஒரு மூட்ட வாங்குனாரே. இப்பதான் தீந்துதா?”

“இப்பதான்,” என்றேன்.

“உள்ள வா. எண்ணெக் கத்திரிக்கா கீது. சாப்ட்டுப் போ.”

சாப்பிட்டேன். அந்தக் கோடையைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. சர்க்கரை எவ்வளவு, பிரஷர் எவ்வளவு என்று பேசினோம். இரண்டிலும் அவனுக்கு ஜாஸ்தி. திரும்பும்போது அவன் பேரன் பைக்கில் கொண்டுவந்து பஸ் ஏற்றிவிட்டான், அதில் அறுபது ரூபாய் மிச்சம். புளியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

அப்பாவுக்கு அது ஒரு சுவரின் மேல் கை நீட்டுகிற தூரத்தில், காசில்லாமல் முடிந்திருக்கும். எனக்கு ஆட்டோ, பஸ், ஆம்பூரில் இன்னொரு ஆட்டோ, தண்ணீர் பாட்டில், திரும்பி வர மறுபடி பஸ், வேலூரில் மறுபடி ஆட்டோ. கண்ணாடிச் செலவு தனி, அதை இதில் சேர்க்கவில்லை. மொத்தம் நானூற்றுப் பதினாறு ரூபாய்.